பிராட்டா பிரமாதம், காதுதான் பாவம்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் காப்பிக்கடை பற்றிய விமர்சனம் இது. கடைப் பெயரைப் போடவில்லை. உள்ளே வாடகைக்குக் கடை போட்டிருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களும் என்னைப் போலவே மாட்டிக்கொண்டவர்கள்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிராட்டா கடை பாய் கடையநல்லூர்க்காரர், இருபது வருடத்துக்கு மேல் கல்லில் நின்ற கை. மாவை விசிறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மடித்துப் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான், அடுக்கடுக்காக விரிந்துவிடும். மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. பருப்பும் கொடுப்பார், மீன் கறியும் கொடுப்பார், நான் மீன் கறிக்காரன். புளிப்பு கொஞ்சம் தூக்கலாக, வெண்டைக்காய் ஒன்று மிதக்க, எண்ணெய் ஓரத்தில் நிற்கும். இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல பிராட்டா எனக்குத் தெரியாது. பானக் கடையில் காப்பியும் நன்றாகவே இருக்கும், பழைய முறையில் துணி வடிகட்டியில் இறக்குகிறார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து, இந்த விமர்சனத்தை இங்கேயே முடித்திருப்பேன்.

கடையை மூன்று மாதம் மூடிப் புதுப்பித்தார்கள். புதுத் தரை, புது மேசை, பெரிய மின்விசிறி, எல்லாம் சரி. கூடவே திரைகளும் வந்தன. எண்ணினேன், பதினொன்று. தூணுக்கு ஒன்று, கைகழுவும் இடத்துக்கு மேலே ஒன்று, தட்டு வைக்கும் அடுக்குக்கு மேலே ஒன்று, பானக் கடை முகப்பில் இரண்டு. முன்பும் ஒரு தொலைக்காட்சி இருந்தது, மூலையில் உயரத்தில். பந்து விளையாட்டு இருந்தால் நாலு பேர் அதன் கீழே உட்காருவார்கள், வேண்டாதவர்கள் தள்ளி உட்காருவார்கள், யாருக்கும் தொந்தரவு இல்லை. இப்போது தள்ளி உட்கார இடமே கிடையாது. ஒரு தூணுக்கு முதுகைக் காட்டினால் அடுத்த தூண் முகத்துக்கு நேராக நிற்கிறது.

ஓடுவது முழுக்க முழுக்க விளம்பரம். தண்ணீர் வடிகட்டி, வீடு விற்கும் முகவர்கள், மெத்தை, முட்டிவலித் தைலம், பிள்ளைகளுக்குத் துணைப்பாடம், டுரியான் பழம் வீட்டுக்கே வரும் என்று ஒன்று. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப முதலிலிருந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து இரண்டு பிராட்டாவும் ஒரு காப்பியும் முடிப்பதற்குள் அந்தத் தண்ணீர் வடிகட்டிப் பெண் ஏழெட்டு தடவை என்னைப் பார்த்து "உங்கள் குடும்பம் என்ன குடிக்கிறது தெரியுமா" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள். தெரியும் அம்மா, தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர் குடிக்கிறது, அதையாவது நிம்மதியாகக் குடிக்க விடு.

சரி, பார்க்காமல் இருந்துவிடலாமே என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். புதுப்பித்த பிறகு ஆர்டருக்கு எண் கொடுக்கிறார்கள். சோறு, மீ நூடுல்ஸ், பிராட்டா எதுவானாலும் சீட்டில் எண் வரும், எண் தயாரானதும் திரையில் காட்டும். எந்தத் திரையில்? அதே திரையில். விளம்பரத்துக்குக் கீழே ஒரு ஓரமாக எண் வரும், ஆனால் சில விளம்பரங்கள் முழுத்திரைக்கும் பரவும்போது எண் மறைந்துவிடும், முடிந்த பிறகுதான் திரும்ப வரும். ஆக பசியோடு இருப்பவன் தன் பிராட்டா எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள மெத்தை விளம்பரத்தை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதை யோசித்துச் செய்தார்களா, தானாக அமைந்துவிட்டதா தெரியாது. யோசித்துச் செய்திருந்தால் அந்த ஆளின் மூளையைப் பாராட்டத்தான் வேண்டும், கூடவே நாலு வார்த்தை திட்டவும் வேண்டும்.

இதில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது ஒரு டம்ளர் தேநீரால். சிங்கப்பூரில் 'கொசோங்' என்ற மலாய்ச் சொல் எவ்வளவு வேலை செய்கிறது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிராட்டாவில் கொசோங் என்றால் முட்டை, வெங்காயம் எதுவும் இல்லாமல் வெறும் பிராட்டா. தேநீரில் கொசோங் என்றால் சர்க்கரை இல்லாமல். அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய், தே ஓ கொசோங் மட்டும்தான். அன்று பானக் கடைத் திரையில் மெத்தை விளம்பரம் உச்சத்தில் இருந்தது. நான் "தே ஓ கொசோங்" என்றேன், அந்த அம்மா தலையாட்டினார், வந்தது வெறும் தே ஓ, அடியில் சர்க்கரை கரைந்து பாகாக. அப்பா பாதி குடித்த பிறகுதான், "என்னடா இன்னைக்கு பாயசமா இருக்கு" என்றார். இதே வாரத்தில் பிராட்டா கடையிலும் கொசோங் இரண்டு கேட்டு முட்டை இரண்டு வந்தது. பாயிடம் சொன்னபோது அவர் சண்டைக்கு வரவில்லை.

"தம்பி, நீங்க அரை மணி நேரம் கேக்குறீங்க. நான் காலையில அஞ்சு மணியிலேர்ந்து கேக்குறேன். ராத்திரி படுத்தாலும் அந்தப் பொம்பள வந்து தண்ணி நல்ல தண்ணியான்னு கேக்குறா."

"குறைக்கச் சொல்லலாமே பாய்?"

"யாருகிட்ட? ரிமோட் எங்ககிட்ட இல்ல. அவன் எங்கேயோ ஆபீஸ்ல உக்காந்து போடுறான்."

பானக் கடை அம்மாவிடமும் கேட்டுப் பார்த்தேன். "தா போலே லா", முடியாது என்று கையை விரித்துவிட்டார். கடை முதலாளி வேறு, திரை வைத்த நிறுவனம் வேறு, இடம் கொடுத்ததற்கு மாதாமாதம் பணம் வருகிறதாம், சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த நிறுவனத்தின் கையில். திரைக்குக் கீழே ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்தேன். விளம்பரம் கொடுக்க விரும்பினால் ஒன்றை அழுத்தச் சொன்னது. வேறு எதற்கும் எண் இல்லை.

நான் சத்தத்துக்குப் பயந்த ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வார இறுதியில் கல்யாணம், கோயில் நிகழ்ச்சி, சமூக மன்ற விழா என்று ஒலி அமைப்பு போடுவது என் வேலை. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக் வைத்தவன். அதனால்தான் இந்தக் கடையில் என்ன தப்பு என்று என் காது பிய்த்துப் பிய்த்துக் காட்டுகிறது. முதல் தப்பு, பதினொரு திரையும் ஒரே நேரத்தில் ஓடவில்லை. ஒன்று அரை விநாடி முந்துகிறது, இன்னொன்று பிந்துகிறது, நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் மூன்று முறை கேட்கிறது. கிணற்றுக்குள் உட்கார்ந்து பிராட்டா சாப்பிடுவது போல. இரண்டாவது, விளம்பரத்துக்கு ஒலி சேர்க்கிற முறையே வேறு. சாதாரணப் பேச்சில் உரத்த இடமும் இருக்கும், மெல்லிய இடமும் இருக்கும். விளம்பரத்தில் உரத்ததை அமுக்கி, மெல்லியதைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு மொத்தமாக ஏற்றிவிடுவார்கள். நாங்கள் கம்ப்ரெஷன் என்போம். மீட்டரில் உச்சம் முன்பு இருந்த அதே இடத்தில்தான் நிற்கும், ஆனால் காதுக்கு மூச்சு விட இடைவெளி இருக்காது. வீட்டில் படம் பார்க்கும்போது விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடுகிறோமே, அதே கதை. அமெரிக்காவில் தொலைக்காட்சி விளம்பரங்கள் நிகழ்ச்சியைவிடச் சத்தமாக இருக்கக் கூடாது என்று 2010இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். எட்டியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார், அதனால் அவர் பெயரிலேயே லொம்பார்ட் விளைவு என்கிறோம். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டால் ஏறக்குறைய 60 டெசிபல். இந்தக் கடையில் ஞாயிறு காலை என் கைப்பேசிச் செயலி 75க்குக் கீழே இறங்கவே இல்லை. டெசிபல் கணக்கில் பத்து ஏறினால் காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திரை கத்துகிறது, அதை மீறி மேசைக்காரர்கள் கத்துகிறார்கள், அவர்களை மீறிப் பாய் எண்ணைக் கூவுகிறார். முன்பெல்லாம் இந்தக் கடையில் முனகலாகப் பேசிக்கொண்டே இரண்டு மணி நேரம் ஓட்டும் கிழவர்கள் ஒரு மேசை நிறைய இருப்பார்கள், மாண்டரினும் ஹொக்கியனும் மலாயும் தமிழும் கலந்து. அவர்களில் பாதிப் பேர் இப்போது வருவதில்லை. மீதிப் பேர் வந்து கைப்பேசியைப் பார்க்கிறார்கள்.

அப்பாவும் அந்த மேசைக்காரர்தான். அவருக்கு இரண்டு காதிலும் கருவி. கருவி வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்களும் நினைத்தோம். அமைதியான வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பேச்சை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும் மாயப்பெட்டி இல்லை, தட்டுச் சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், தண்ணீர் வடிகட்டிப் பெண், எல்லாரையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காதுக்குள் கொட்டும். எதிரே இருப்பவர் பேசுவது அதற்குள் முங்கிப்போகும். புதுக் கடைக்குப் போன இரண்டாவது நாள் அப்பா கருவிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் என்னவோ சொல்ல, அவர் சிரித்தபடி தலையாட்ட, அப்படியே சாப்பிட்டு முடித்தோம். நான் சொன்னது ஒன்றுகூட அவருக்குக் கேட்கவில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

காப்பிக்கடை என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும், அந்தக் காலத்தில் ரேடியோ அலறவில்லையா என்று என் தம்பி கேட்டான். அலறியது, அதை அப்பாவே சொல்வார். ரெடிஃபியூஷன் என்று கம்பி வழியாக வரும் வானொலி, 1949இல் சிங்கப்பூரில் தொடங்கி 2012 வரை இருந்தது. காப்பிக்கடைகளில் அதற்கு ஒரு பெட்டி தொங்கும். லீ டாய் சோர் என்பவர் கண்டோனீஸ் மொழியில் கதை சொல்லத் தொடங்கினால் கடையில் நிற்க இடம் இருக்காதாம், ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு கதை முடியும்வரை ஆறவைத்துக் குடிப்பார்களாம். ஆனால் அதற்குச் சந்தா கட்டியது கடைக்காரர். காசு கொடுத்துச் சத்தத்தை வாங்கினார், அதைக் கேட்க ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் காப்பி வாங்கினார்கள். இப்போது சத்தம் போட விடுவதற்குக் கடைக்குக் காசு வருகிறது. யார் காதை விற்று? காப்பிக்கும் காசு கொடுத்து, காதையும் கொடுத்துவிட்டு வருகிற நம் காதைத்தான்.

பேருந்திலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2001இல் டிவிமொபைல் என்று பேருந்துக்குள் தொலைக்காட்சி வந்தது, வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தூங்கி வழியும் காலையில் தலைக்கு மேல் நிகழ்ச்சி ஓடும். பயணிகள் சத்தத்தைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2010 பிறந்ததும் அது நின்றது. அதே பொதுப் போக்குவரத்தில் இப்போது ஹஷ்-ஹஷ் ஹன்னா என்ற சித்திரப் பெண் சத்தம் போடாதீர்கள் என்று நமக்குப் பாடம் எடுக்கிறாள். அவளைக் கொஞ்ச நாள் எங்கள் காப்பிக்கடைக்கு அனுப்பினால் நன்றாக இருக்கும்.

நம் ஊர் விளம்பரத்தைக் கண்டுகொள்ளாத ஊரும் இல்லை. சிகரெட் விளம்பரத்தைத் தடுக்க 1970இலேயே சட்டம் போட்ட ஊர். சர்க்கரைப் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30இலிருந்து நியூட்ரி-கிரேடு முத்திரை வந்தது, அதில் கடைசித் தரமான டி வாங்கிய பானத்தை விற்கிற இடத்தைத் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்ய முடியாது. அப்பாவுக்காகவே போட்ட சட்டம் மாதிரி எனக்கு அது பிடிக்கும். அவருக்குச் சர்க்கரை வந்து சேர்ந்தது மெத்தை விளம்பரம் வழியாக என்பது வேறு கதை.

சத்தம் என்று வந்தால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு விதிமுறை மனப்பாடம். தெருவோரம் கிட்டார் வாசிக்க வேண்டுமா, தேசியக் கலைகள் மன்றத்தின் தேர்வுக்குப் போய் வாசித்துக் காட்டித் தேற வேண்டும். தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973இல் தடை வந்து, 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அதற்குக் காரணங்கள் இருந்தன, அதை இங்கே வாதாட வரவில்லை. உருமியைத் தட்ட எந்த இடம், எந்த நேரம் என்று பார்த்துப் பார்த்து நடந்தவனுக்கு, ஒரு மெத்தைக் கம்பெனி தேர்வும் எழுதாமல் காலை ஐந்து மணியிலிருந்து முழங்குவதைக் கேட்டால் கொஞ்சம் எரியும், அவ்வளவுதான்.

எல்லாத் திரையையும் திட்டவில்லை. எங்கள் புளோக்கில் மின்தூக்கிக்காகக் காத்திருக்கும் இடத்தில் ஒரு திரை இருக்கிறது, வாய் திறக்காது, கொசு பற்றி, குப்பை பற்றி, நடுவில் ஒரு விளம்பரம், போகட்டும். ஆர்ச்சர்ட் ரோட்டில் கட்டடம் உயரத்துக்குத் திரைகள் மின்னுகின்றன, அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்துவிடலாம், கால் நம்முடையது. டாக்சியில் முன்னிருக்கைக்குப் பின்னால் ஒன்று ஓடினால் தொட்டு அணைக்க ஒரு பொத்தானாவது தேடலாம். இங்கே எழுந்து போக முடியாது, பிராட்டா வரவில்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம், எண் போய்விடும். காதுக்கு இமை வைக்காமல் படைத்துவிட்டான்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசை ஒப்பீட்டளவில் பரவாயில்லை, அங்கே இருக்கும் திரையில் ஒலி பழுதாகிவிட்டது, சரிசெய்ய இன்னும் ஆள் வரவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். ஈரமாக இருக்கும், வேலை செய்பவர் துடைப்பத்தோடு வந்து போவார், ஆனாலும் அந்த மேசைக்கு இப்போது போட்டி. அப்புறம், ஆர்டர் கொடுக்கும்போது கொசோங் என்பதை வாயால் சொல்வதோடு விடாமல் கையாலும் காட்டுங்கள். பானக் கடை அம்மாவும் நானும் ஒரு சைகை வைத்திருக்கிறோம், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு பூஜ்யம். இதுவரை தப்பவில்லை.

பிராட்டாவுக்கு ஐந்து, மீன் கறிக்கு ஐந்து, காப்பிக்கு நாலரை. உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஒன்று, அந்த ஒன்றும் மின்விசிறிக்காக.

நாங்கள் இப்போது உட்காருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு நான் போய் நிற்பேன், பாய் என்னைப் பார்த்ததும் எண்ணைக் கூவாமல் தலையை அசைப்பார், நாலு கொசோங்கைக் காகிதத்தில் கட்டி, கறியைத் தனியாகப் பையில் ஊற்றி, ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றிக் கொடுப்பார். புளோக்குக் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசை ஒன்று இருக்கிறது. அப்பா எனக்கு முன்னாலேயே அங்கே வந்து கருவிகளைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழைய மேசைக்காரர்கள் இரண்டு பேர் அங்கே வரத் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் ஆறு கொசோங் வாங்க வேண்டியதாகிவிட்டது.